பூரணியும் இரண்டு தங்கங்களும்: சின்னத்திரைக்கு வந்த காதல், வராத காதல்



அண்ணல் அம்பேத்கர் நினைவு நாள் சொற்பொழிவில் தொலைக்காட்சித் தொடரைப் பற்றியும் காதல் நாவலைப் பற்றியும் பேசுவதா என்று எங்களில் சிலரே கேட்டார்கள். நில உரிமை இருக்கிறது, இட ஒதுக்கீடு இருக்கிறது, எண்ணூர்க் கழிமுகத்தில் கொட்டும் சாம்பல் இருக்கிறது. இதையெல்லாம் விட்டுவிட்டு டி.வி. சீரியலா? நியாயமான கேள்விதான். ஆனால் அண்ணலே தம் ஆய்வு வாழ்க்கையைக் காதலுக்கும் கல்யாணத்துக்கும் பக்கத்திலிருந்துதான் தொடங்கினார் என்பதை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம்.

1916 மே 9 அன்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒரு மானிடவியல் கருத்தரங்கில் அவர் கட்டுரை வாசித்தார். அப்போது அவருக்கு வயது 25. இந்தியாவில் சாதிகள் எப்படித் தோன்றின, எப்படி இயங்குகின்றன என்பதே பொருள். சாதியின் சாரம் அகமணம் என்றார். தன் கூட்டத்துக்குள்ளேயே மணம் முடித்துக்கொள்ளும் ஒரு குழுவுக்கு ஒரு பெரிய சிக்கல் வரும். கணவன் செத்தால் மனைவி மிஞ்சுவாள். மனைவி செத்தால் கணவன் மிஞ்சுவான். மிஞ்சிய பெண்ணை அப்படியே விட்டால் கூட்டத்துக்கு வெளியே துணை தேடக்கூடும், கூட்டம் உடையும். அதற்குத்தான் உடன்கட்டை, கட்டாயக் கைம்மை, குழந்தை மணம் ஆகிய மூன்றும் வந்தன என்று அவர் விளக்கினார். இதோடு நிற்காமல் இன்னொன்றையும் சொன்னார். இந்தக் கொடுமைகள் நிலைக்க வேண்டுமென்றால் அவற்றைப் புகழ்ந்து பாட ஒரு தத்துவம் வேண்டும். புகழ்ச்சிதான் அவற்றை விழுங்கவைத்தது.

இந்தக் கடைசிக் கருத்தைக் கையில் வைத்துக்கொண்டு நம் தொலைக்காட்சியைப் பார்ப்போம் என்பதே இன்றைய பேச்சு.

அதற்கு முன் நம் வட்டாரத்து வசவு ஒன்றைச் சொல்ல வேண்டும். ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் துறைமுகத்துக்கும் ஆலைக்கும் உப்பளத்துக்கும் வேலைக்குப் போன நம் பாட்டிகளைப் பார்த்து மேல்சாதிக்காரர்கள் சொன்ன வார்த்தை அது: 'அறுத்துக் கட்டுற சாதி'. புருஷன் செத்தாலோ விட்டுவிட்டுப் போனாலோ தாலியை அறுத்துவிட்டு இன்னொருவனைக் கட்டிக்கொள்வார்களாம். கேவலமாம். நம்மிலேயே வசதி வந்த குடும்பங்கள் இந்த வசவுக்கு வெட்கப்பட்டு, கைம்பெண்ணை மூலையில் உட்காரவைக்கக் கற்றுக்கொண்டதையும் நாம் பார்த்திருக்கிறோம். அண்ணலின் கட்டுரையைப் படித்த பிறகு அந்த வசவு தலைகீழாகிவிடுகிறது. அறுத்துக் கட்டிய பாட்டி சாதியின் அடித்தளத்தில் ஒரு செங்கல்லை உருவியவள். எந்தப் பத்திரிகையும் அவளைக் கதாநாயகி ஆக்கவில்லை.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நம் தெருக்களில் அப்போது சொந்தமாகப் பெட்டி வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்', ஞாயிற்றுக்கிழமை படம். பெட்டி உள்ள வீட்டு வாசலில் தெருவே கூடும். உள்ளே கூப்பிட்டுப் பாயில் உட்காரவைத்த வீடுகள் உண்டு. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கவைத்த வீடுகளும் உண்டு. யார் பாயில், யார் ஜன்னலில் என்பதைக் கேட்டாலே அந்தத் தெருவின் சாதிக் கணக்கு தெரிந்துவிடும். தொலைக்காட்சி வரலாறு எழுதுகிறவர்கள் நிகழ்ச்சிப் பட்டியலை எழுதுகிறார்கள். இந்த ஜன்னலை எழுதுவதில்லை.

எண்பதுகளில் நாடகத் தொடர்கள் வந்தன. கதைக்காகத் தூர்தர்ஷன் பத்திரிகைத் தொடர்கதைகளின் பக்கம் போனது. சாவியின் 'வாஷிங்டனில் திருமணம்', தேவனின் 'துப்பறியும் சாம்பு', ரகுவரன் நடித்த சிவசங்கரியின் 'ஒரு மனிதனின் கதை' என இன்றும் பேசப்படும் தொடர்கள் அந்த வழியில் வந்தவை. இவற்றில் நல்ல உழைப்பு இருக்கிறது. குடிநோயைக் குணக்கேடு என்று ஒதுக்காமல் நோயாகப் பார்த்த சிவசங்கரியின் கதையை நம் பெண்கள் அழுதுகொண்டே பார்த்தார்கள். சாராயக்கடைக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கு அந்தக் கதை எட்டாத கதை அல்ல. ஆனால் இவற்றில் ஒரு கதையாவது வண்ணாரப்பேட்டையைத் தாண்டி வடக்கே வந்ததா?

காதலுக்கு வருவோம். தமிழில் புகழ்பெற்ற காதல் நாவல் ஒன்று சின்னத்திரைக்கு வந்ததென்றால் உடனே நினைவுக்கு வருவது 'குறிஞ்சி மலர்'. நா. பார்த்தசாரதி 'மணிவண்ணன்' என்ற புனைபெயரில் 'கல்கி' இதழில் எழுதிய தொடர்கதை. தமிழ்ப் பேராசிரியர் அழகியசிற்றம்பலத்தின் மகள் பூரணி. அச்சகத்தில் வேலை செய்யும் இலட்சியவாதி அரவிந்தன். இருவரும் ஒருவரையொருவர் நேசிக்கிறார்கள், சேவை செய்கிறார்கள், உயர்ந்த தமிழில் பேசிக்கொள்கிறார்கள். கடைசியில் அரவிந்தன் இறந்துபோகிறான். மணமேடையே காணாத பூரணி அவன் நினைவோடு தனியாக வாழ்கிறாள். அந்தக் காலத்து வாசகர்கள் இந்த முடிவில் உருகிப்போனார்கள். பிள்ளைகளுக்கு அரவிந்தன் என்றும் பூரணி என்றும் பெயர் வைத்தார்கள். தூர்தர்ஷனில் தொடராக வந்தபோது அரவிந்தனாக நடித்தவர் மு.க. ஸ்டாலின். தி.மு.க. இளைஞர் அணியின் தலைமையில் இருந்தவர், காமராசரை மதித்த ஒரு தேசிய எழுத்தாளரின் கதாநாயகனாக வந்தது அன்று பேசப்பட்டதைவிட இன்று அதிகம் பேசப்படுகிறது.

எங்களுக்கு அதைவிட முக்கியமானது வேறு. 1967-இல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு கொடுத்தது. அந்தத் திருமணம் புரோகிதரை விலக்கியது, சாதி கடந்த மணத்துக்குக் கதவைத் திறந்தது, கைம்பெண் மறுமணத்தைக் கொண்டாடியது. அந்த இயக்கத்தின் இளம் தலைவர் சின்னத்திரையில் ஏற்ற வேடமோ கல்யாணத்துக்கே வந்து சேராத, தொடாத, தூய காதலனின் வேடம். தனிமனிதரைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. ஒரு சமூகம் தன் காதல் காவியம் என்று எதைத் தேர்ந்தெடுத்துப் பொதுத் திரையில் வைத்தது என்பதே கேள்வி. உடலில்லாத காதல், சாதி குறுக்கே வராத காதல், மணமாகாமலேயே தனிமையை ஏற்கும் பெண். 1916-இல் அண்ணல் சொன்ன அந்தப் புகழ்ச்சித் தத்துவத்துக்கு இதைவிட அழகான உதாரணம் கிடைக்காது. பூரணியை யாரும் கட்டாயப்படுத்தவில்லையே என்று கேட்பீர்கள். கட்டாயம் தேவைப்படாத அளவுக்குப் புகழ்ச்சி வேலை செய்துவிட்டது. நா.பா. நேர்மையான எழுத்தாளர்; பூரணியைப் படிப்பும் பேச்சாற்றலும் உள்ளவளாகப் படைத்தார்; அந்தக் காலத்தில் அது சிறிய விஷயமல்ல. அவ்வளவு ஆற்றல் உள்ள பெண்ணுக்கும் அவரால் கொடுக்க முடிந்த முடிவு அதுதான் என்பது நம் கவனத்துக்கு உரியது.

அப்படியென்றால் வேறு காதல் தமிழ் நாவலில் இல்லையா? இருந்தது. திரைக்கும் வந்தது. தொலைக்காட்சி வருவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே.

ஜெயகாந்தன் 1965-இல் தன் நாவலான 'உன்னைப்போல் ஒருவன்' கதையைத் தானே இயக்கிப் படமாக்கினார். சென்னைச் சேரி ஒன்றில் வாழும் உழைப்பாளிப் பெண் தங்கம். அவளுக்கு ஒரு மகன், சிட்டி. கிளி ஜோசியக்காரன் மாணிக்கத்தோடு அவளுக்கு உறவு ஏற்படுகிறது. தாலி, ஐயர், பத்திரிகை எதுவும் இல்லை; இரண்டு உழைக்கும் மனிதர்கள் சேர்ந்து வாழ நினைக்கிறார்கள். மகனால் அதைத் தாங்க முடியவில்லை. மாணிக்கம் விலகிப்போகிறான். பிள்ளையைப் பெற்றுப்போட்டுவிட்டுத் தங்கம் இறக்கிறாள். அந்தப் பிள்ளையைச் சிட்டி ஏற்றுக்கொள்கிறான். படத்துக்குத் தேசிய விருதுகளில் மூன்றாவது சிறந்த படம் என்ற சான்றிதழ் கிடைத்தது. கூட்டம் வரவில்லை.

நாவலைத் திரைக்குக் கொண்டுவருவதைப் பற்றிப் படிக்கும் மாணவர்கள் இந்தப் படத்தைப் பாடமாக வைத்துக்கொள்ள வேண்டும். நாவலில் ஆசையை எழுத்தாளரின் வாக்கியம் சுமக்கிறது. திரையில் வாக்கியம் போய்விடும். குரலும் உடம்பும் வீட்டின் அளவும்தான் மிஞ்சும். மூன்றுமே இங்கே சிக்கலானவை. குரல் என்றால் சென்னைத் தமிழ். அதற்குள் தமிழ் சினிமா அந்தப் பேச்சை நகைச்சுவை நடிகருக்கும் ரிக்‌ஷாக்காரர் வேடத்துக்கும் ஒதுக்கிவிட்டது, பிறகு ரவுடிக்கும் சேர்த்துக் கொடுத்தது. 'இன்னாம்மே' என்று ஒருவன் கூப்பிட்டால் கொட்டகை சிரிக்கப் பழகியிருந்தது. அதே குரலில் ஒருவன் காதலைச் சொன்னால் அழுவதற்கு அதற்குப் பழக்கமில்லை. வீட்டின் அளவு என்றால் பத்துக்குப் பத்துக் குடிசை. மகன் தூங்கும் இடத்துக்கும் தாய் தூங்கும் இடத்துக்கும் நடுவே ஒரு புடவைத் திரைதான். பங்களாக் காதலில் கதவைச் சாத்திவிட்டு விளக்கை அணைத்துவிடலாம். இங்கே கதவே இல்லை. அந்த இடநெருக்கடியே சிட்டியின் கோபம். கதையின் மோதல் முழுக்க அந்த இடத்திலிருந்துதான் வருகிறது. ஜெயகாந்தன் இதைப் புரிந்துகொண்டிருந்தார்.

அவரை அப்படியே தோளில் தூக்கிவைக்கவும் எங்களால் முடியாது. சேரியைச் சேரி என்று எழுதினார், அங்கே வாழ்பவர்களின் சாதியை எழுதவில்லை. வறுமை தெரிந்த அளவுக்குத் தீண்டாமை தெரியவில்லை. தங்கத்துக்கும் கடைசியில் சாவுதான். பூரணிக்குத் தனிமை என்றால் தங்கத்துக்குப் பிரசவ மரணம். ஆசைப்பட்ட பெண் உயிரோடு திரையைக் கடந்து போக அனுமதி இல்லை. இன்னொன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அவருடைய 'சில நேரங்களில் சில மனிதர்கள்' 1972-இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. 1977-இல் பீம்சிங் படமாக்கினார். லட்சுமிக்குத் தேசிய விருது. கங்கா பிராமணப் பெண். அவள் வாழ்க்கையில் நடந்ததைத் தமிழகமே ஒழுக்கம், குற்றம், மனசாட்சி என்று விவாதித்தது. ஒரே எழுத்தாளர், இரண்டு பெண்கள். கங்காவின் உறவு தத்துவமானது, தங்கத்தின் உறவு 'சேரிப் பிரச்சினை' ஆனது. எழுத்தாளர் செய்த வேலை பாதி என்றால் பார்வையாளர் செய்த வேலை மீதி.

தேசியத் தொலைக்காட்சியில் ஒரு தலித் கணவன் மனைவியின் அன்பை நாம் பார்த்தது 1988-இல், அதுவும் இந்தியில். பீஷ்ம சாஹ்னியின் 'தமஸ்' நாவலைக் கோவிந்த் நிஹலானி எடுத்தார். தோல் உரிக்கும் தொழிலாளி நாத்துவாக ஓம் புரி, அவர் மனைவி கர்மோவாக தீபா சாஹி. ஒரு பன்றியைக் கொன்று தரச் சொல்லி நாத்துவை ஏமாற்றுகிறார்கள், அந்தப் பன்றி மசூதிப் படியில் கிடக்கிறது, ஊர் எரிகிறது. நாவல் பல மனிதர்களிடம் பிரிந்து போகிறது. நிஹலானி கர்ப்பிணி மனைவியோடு ஓடும் நாத்துவை விடாமல் பின்தொடர்கிறார். முகாமில் கணவனின் பிணத்தைக் கர்மோ காண்கிறாள், பிள்ளை பிறக்கிறது. ஒளிபரப்பைத் தடுக்கச் சொல்லி வழக்குப் போட்டார்கள். 1988 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இந்தி புரியாமலேயே நம் பகுதியில் பலர் அதைப் பார்த்தார்கள். ஒரு நாவலில் ஓரத்துக்குப் போய்விடக்கூடிய இணையைச் சின்னத்திரை நடுவுக்குக் கொண்டுவர முடியும் என்று காட்டிய தொடர் அது. சின்னத்திரையால் முடியாது என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். மனம்தான் வேண்டும்.

தனியார் அலைவரிசைகள் வந்த கதையை நீட்ட வேண்டியதில்லை. 1993-இல் சன் டி.வி., அப்புறம் நாள்தோறும் ஓடும் நெடுந்தொடர்கள். நாவலே தேவைப்படாமல் போனது. 2006-இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் வாரியக் குடியிருப்புகளுக்குள்ளும் பெட்டியைக் கொண்டுவந்தது. ஜன்னலில் நின்றவர்கள் உள்ளே உட்கார்ந்தார்கள். இது உண்மையான மாற்றம், ஏளனம் செய்ய வேண்டாம். ஆனால் பெட்டிக்குள் தெரிந்த வீடு மாறவில்லை. மாடிப்படி உள்ள கூடம், பட்டுப்புடவை, தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பெண்.

நம் காதல் தொலைக்காட்சிக்கு வந்த வழி வேறு. 2016 மார்ச் 13, உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையம். தலித் இளைஞர் சங்கர், அவர் மனைவி கௌசல்யா. சாதி மீறி மணந்து எட்டே மாதம். பட்டப்பகலில் வெட்டினார்கள். கண்காணிப்புக் கேமராவில் பதிவான அந்தக் காட்சியைச் செய்தி அலைவரிசைகள் திரும்பத் திரும்பக் காட்டின. இசை இல்லை, வசனம் இல்லை, மேலேயிருந்து பார்க்கும் அசையாத கேமரா. அகமணத்தை உடைத்த இருவரின் கதை தமிழ்ச் சின்னத்திரையில் இடம் பிடித்தது அந்தச் சில நொடிகளில்தான். அவர்கள் எப்படிப் பேசிக்கொண்டார்கள், எதற்குச் சிரித்தார்கள், எதற்குச் சண்டை போட்டார்கள் என்பதை எந்த அலைவரிசையும் கேட்கவில்லை. சங்கரின் சாவைப் பார்த்த கோடிப் பேரில் சங்கரின் காதலைப் பார்த்தவர் எத்தனை பேர்?

அதனால்தான் 2021 ஜூலையில் 'சார்பட்டா பரம்பரை' அமேசான் பிரைமில் வந்தபோது, குத்துச்சண்டையைவிட மாரியம்மாவைப் பற்றி நம் பெண்கள் அதிகம் பேசினார்கள். கொரோனாவால் கொட்டகைக்கு வராமல் நேராக வீட்டுப் பெட்டிக்கும் கைபேசிக்கும் வந்த படம். எழுபதுகளின் வடசென்னை. கல்யாண வீட்டில் ஆடுகிறாள், புருஷனிடம் சரிக்குச் சரி சண்டை போடுகிறாள், ஆசையை வாய்விட்டுச் சொல்கிறாள், சாகவில்லை. சிரிப்புக்கு ஒதுக்கப்பட்ட பேச்சில் ஒரு மனைவியின் காமமும் கோபமும் முழுசாகக் கேட்டது. பா. இரஞ்சித்தோடு சேர்ந்து எழுதியவர் தமிழ்ப்பிரபா, சிந்தாதிரிப்பேட்டை வாழ்வை 'பேட்டை' என்று நாவலாக்கியவர். நாவல் தழுவப்படாவிட்டாலும் நாவலாசிரியர் திரைக்கு வந்துவிட்டார். 1982-இல் பூமணி எழுதிய 'வெக்கை' 2019-இல் 'அசுரன்' ஆனதையும் சேர்த்துப் பார்த்தால், நம் பக்கத்து எழுத்து திரைக்குப் போகும் பாதை ஒன்று தெரிகிறது. பழிவாங்கும் கதைக்கு அந்தப் பாதை அகலம். உறவுக் கதைக்கு இன்னும் ஒற்றையடிப் பாதைதான்.

எந்த நாவலை எடுக்கலாம் என்று குறும்படம் எடுக்கும் மாணவர்கள் எங்களைக் கேட்கிறார்கள். நாங்கள் சொல்வது சிவகாமியின் 'பழையன கழிதலும்'. 1989-இல் வந்தது. அதிலும் ஒரு தங்கம் இருக்கிறாள். கணவனை இழந்த தலித் பெண். அவள் வேலை செய்யும் நிலத்தின் சாதி இந்து முதலாளி அவளைப் பலவந்தப்படுத்துகிறான், அடிபட்டது அவள். அவள் வந்து நியாயம் கேட்பது தலித் தலைவர் காத்தமுத்துவின் வீட்டில். அவருக்கு ஏற்கெனவே இரண்டு மனைவிகள். தங்கமும் அந்த வீட்டிலேயே தங்கி அவருக்குத் துணையாகிறாள். இதையெல்லாம் பார்த்துக்கொண்டே படித்து வளர்கிறாள் மகள் கௌரி. வன்முறை எது, பாதுகாப்பு எது, ஆசை எது, அதிகாரம் எது என்று பிரித்துப் பார்க்க முடியாத வீடு அது. பத்து வாரம் ஓடும் தொடருக்கு வேண்டிய அத்தனையும் அங்கே இருக்கிறது.

எதிர்ப்பும் வரும். 'தமஸ்' மீது வழக்குப் போட்டவர்கள் வெளியே இருந்தவர்கள். காத்தமுத்துவைக் காட்டினால் நம் ஆட்களே வருவார்கள். தலித் தலைவரை இப்படிக் காட்டலாமா, எதிரிக்கு ஆயுதம் கொடுக்கலாமா என்பார்கள். நாவல் வந்தபோதே இதைக் கேட்டார்கள். சிவகாமி ஓடி ஒளியவில்லை; 'ஆசிரியர் குறிப்பு' என்று இன்னொரு நாவலே எழுதித் தன் முதல் நாவலைத் தானே விசாரித்தார். இந்த இரண்டையும் சேர்த்துத்தான் தொடராக்க வேண்டும் என்பது எங்கள் யோசனை. எழுதிய பெண் தன் ஊருக்குத் திரும்பி வந்து, தான் எழுதியது சரியா என்று கேட்டுக்கொண்டு நடக்க, நடுநடுவே காத்தமுத்துவின் வீடு விரியட்டும். காத்தமுத்துவை நல்லவராக்கித் திருத்த வேண்டாம். தங்கத்தைச் சாகடிக்கவும் வேண்டாம், சிவகாமி சாகடிக்கவில்லை.

மாணவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. நாவலின் தங்கம் கிராமத்துக்காரி. பணம் குறைவு என்பதால் அவளை எண்ணூருக்கோ காசிமேட்டுக்கோ குடிமாற்றிப் படம் பிடிக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. பிடிக்கலாம். ஆனால் நிலம் போய் இறால் உரிக்கும் கொட்டகை வந்தால் முதலாளியும் வேறு ஆளாவான், அவள் பேச்சும் மாறும், ஓடிப்போய் நியாயம் கேட்கும் வீடும் மாறும். அப்போது காத்தமுத்து சங்கத் தலைவராகவோ வட்டச் செயலாளராகவோதான் இருக்க முடியும். அலைத்தடுப்புக்குப் போட்ட பாறைகளில் சாயந்தரம் உட்கார்ந்திருக்கும் இணைகளைப் போய்ப் பாருங்கள். வீட்டில் இடமில்லாதவர்கள் அங்கேதான் பேசுகிறார்கள். என்ன தமிழில் பேசுகிறார்கள், எவ்வளவு நேரம் பேசாமல் இருக்கிறார்கள், யாராவது வந்தால் எப்படித் தள்ளி உட்காருகிறார்கள் என்று கவனித்துவிட்டு வந்து முதல் காட்சியை எழுதுங்கள்.